வெள்ளிக் குண்டு

ஏழு மணிக்கு இயந்திரத்தைத் தோளில் மாட்டுவேன்.
மூன்றாவது இழுப்பில்தான் அதற்கு உயிர் வரும்.
அதற்குள் கொத்தளத்துக் காகங்கள்
என்னைக் கணக்கெடுத்து முடித்திருக்கும்.

பேர்தான் கோட்டை.
ஒரு கப்பலையாவது சுட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
பீரங்கிகள் கடலையே முறைத்துக்கொண்டிருந்தன,
ஜப்பான்காரன் வானத்தில் வந்தான்.

அது போட்ட ஒரே சண்டை காட்டோடுதான் என்பார்கள்.
இறங்கிய கேப்டனுக்கு
மரம் வெட்ட ஆள் அமையவில்லையாம்.
பீரங்கி வாயில் வெள்ளிக்காசைத் திணித்துப்
புதருக்குள் வெடித்தானாம்.
பொறுக்கப் போனவர்கள்
வெட்டிக்கொண்டே போனார்களாம்.

கதையோ நிஜமோ,
எனக்குச் சிரிப்பு வரும்.
ரிங்கிட்டை நாங்கள் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம்.
நாளுக்கு எழுபது வெள்ளி.
வெட்டிக்கொண்டே போகிறேன்.

முதலில் நிபோங் கழி நட்ட வேலி,
பிறகு செங்கல்.
அடுக்கியது கைதிகள்.
மதராஸிலிருந்து வந்தவனும் இருந்திருப்பான்.
நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்புகிற காலம்,
முண்டாசைப் புருவம்வரை இறக்கியிருப்பான்.
நானும் துணியை இறக்கித்தான் கட்டுகிறேன்
கல் தெறிக்கும் என்று.
அவனுக்கும் எனக்கும் வேறு உறவு கிடையாது.

அகழியைக் கொசுவுக்குப் பயந்து மூடினார்கள்.
நூறு வருஷம் கழித்து
சுற்றுலாவுக்காகத் திரும்பத் தோண்டினார்கள்.
மண் வாரிய ரொபியுல்
இடுப்பளவு பள்ளத்தில் நின்று மலாயில் கேட்டான்:
"அக்கா, எதிரி எந்தப் பக்கம்?"
கார் நிறுத்துமிடத்தைக் காட்டினேன்.

வெடிமருந்துக் கிடங்கில் இப்போது
பள்ளிப்பிள்ளைகள் பேரைக் கத்தி
எதிரொலி கேட்கிறார்கள்.
மதில் மேல் கல்யாணப் படம்.
ஞாயிற்றுக்கிழமை புல்லில்
ஐஸ் கச்சாங் கிண்ணங்கள்.
இதற்காகத்தான் கட்டினோம் என்பதுபோல்
சும்மா இருக்கிறது சுவர்.

பெரிய பீரங்கி ஒன்று உண்டு.
டச்சுக்காரன் வார்த்தது.
ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று
கை மாறி மாறி, கடலிலும் கிடந்து
இங்கே வந்து ஓய்ந்தது.
பிள்ளை வேண்டுகிறவர்கள்
அதன் வாயில் பூ வைப்பார்கள்.
சீனத்தியும் வைப்பாள், நம்மவளும் வைப்பாள்,
முக்காட்டை இழுத்துக்கொண்டு யாரும் பார்க்கவில்லையே என்று
இன்னொருத்தியும் வைப்பாள்.
மறுநாள் காலை எடுத்துப் போடுவது என் வேலை.
காம்பு அழுகினால் உலோகத்துக்கு ஆகாதாம்.
ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை,
சம்பங்கியைச் சுற்றி ஒரு தாள்.
பெரியாஸ்பத்திரிச் சீட்டு.
மறு தேதி என்ற இடத்தில் நீலக் கோடு அடித்திருந்தது.
பேர்: தமயந்தி, வயது நாற்பத்து மூன்று.
கீழே பேனா அழுந்த ஒரு வரி,
யாருக்கு எழுதினாள் என்று தெரியவில்லை:
"இனி வர வேண்டாம் என்கிறார்கள்."

குப்பைப்பை விரிந்தே கிடந்தது.
ரொபியுல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

சீட்டை நாலாக மடித்தேன்.
பூவோடு சேர்த்து,
தோள்பட்டை விளிம்பில் இடிக்கும்வரை
கையை உள்ளே விட்டேன்.
ராத்திரி முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டிய உலோகம்
உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.
இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.
குண்டு ஏற்றத் தெரிந்தவர்கள்
இப்படித்தான் ஏற்றியிருப்பார்கள்போல.

கையை எடுத்தபோது முழங்கைவரை பச்சைக் களிம்பு.
புல்லில் துடைத்தேன், போகவில்லை.

எட்டரைக்கு மேற்பார்வையாளர் ஹஷிம் வந்தார்.
குனிந்து, பீரங்கி வாயில் டார்ச் அடித்து,
அட்டையில்
ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார்.