ஆறு

சிறுநீரகக் கல்லைத் தேடிப் போன ஸ்கேனில்
வேறொன்று தட்டுப்பட்டது.
தொப்புளுக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் மடியில்
பெருந்தமனி
வலையில் சிக்கிய பேத்தை மீனாய் ஊதிக் கிடந்தது.
ஐந்து புள்ளி ஒன்பது சென்டிமீட்டர்.

அபுதாகிருக்கு வலி ஏதும் இல்லை.
பெரியபட்டினத்தில் வள்ளங்களின் எஞ்சினைப்
பிரித்துப் பூட்டுகிறவர்.
"ஹோஸ் பைப் வீங்கிருக்கு, அம்புட்டுத்தானே?
வெட்டிட்டுப் புதுசு மாட்டிருங்க" என்றார்.
அம்புட்டுத்தான்.

மைமூன் நாச்சியா
வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:
"இதே மாதிரி நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க?"

குடலிறக்கம் ஆயிரம் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.
பித்தப்பை, குடல்வால்,
சர்க்கரையில் கறுத்த கால்விரல்கள்,
திருக்கைமுள் ஏறிய பாதங்கள்.
இது, பத்தொன்பது வருடத்தில்,
"ஆறு" என்றேன்.
ஆறுதல் என்று முடியும் என நினைத்தாரோ,
மீதி எழுத்துக்காகக் காத்திருந்தார்.

நான்கு பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.
மூன்றாவது, வாலிநோக்கம் உப்பளத்துக் கருமலையான்.
தையலில் ஒரு சொட்டுக் கசிவில்லை.
ஆனால் கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை
மூன்று நாளும் காலியாகவே இருந்தது.
ஆறாவது, மூக்கையூர் சவரியம்மாள். மேசையிலேயே.
"ரெண்டு பேர் தவறிட்டாங்க" என்றேன்.
பெயர்களைச் சொல்லவில்லை.

மதுரையில் ஒருவர் இருக்கிறார்.
பித்தப்பையைத் தொடமாட்டார்,
ரத்தக்குழாய், ரத்தக்குழாய், ரத்தக்குழாய்.
வாரத்துக்கு இரண்டு.
கிளாம்பை எடுத்ததும் அழுத்தம் எவ்வளவு சரியும் என்று
அவருடைய நர்ஸுக்குத் தெரியும்.
மயக்கமருந்து கொடுப்பவர்
கேட்கும் முன்பே அடுத்த ரத்தப் பையைத் தொங்கவிடுவார்.
நானும் அதே நூல்தான் பிடிக்கிறேன்,
முடிச்சும் அதேதான்.
கை பழகினால் போதாது.
அறை பழகியிருக்க வேண்டும்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
அபுதாகிருக்குப் பிடிக்கவில்லை.
"எனக்குக் குடலிறக்கம் பாத்தது நீங்க.
மகனுக்குக் குடல்வால் எடுத்தது நீங்க.
மொகந் தெரியாத ஆளுகிட்டயா வயித்தைக் குடுப்பேன்?"

இனித்தது.
அந்த இனிப்புக்குத்தான் பயந்தேன்.
ஏழாகட்டுமே என்றது
எனக்குள் ஏதோ ஒரு நரம்பு.

மைமூன் நாச்சியா என்னைப் பார்க்கவில்லை.
அவரிடம்தான் கேட்டார்:
"கச்சான் அடிக்கயில முசல்தீவுப் பாரைத் தாண்டணும்னா
சிநேகிதனையா ஏத்துவீங்க,
நேத்துத் தாண்டினவனையா?"

மகனின் வேனில் போனார்கள்.
பரமக்குடி, மானாமதுரை, எத்தனை வேகத்தடை,
ஒவ்வொன்றிலும் மைமூன் நாச்சியாவின் கை
அவர் வயிற்றின் மேல் இருந்ததாம்.

மூன்று மாதம் கழித்து
ஐஸ் பெட்டியில் ஒரு சீலாவோடு வந்தார்.
சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
"ஆறிருச்சு."
மெல்லிய, நேரான தழும்பு.
என்னுடையதைவிட நேர் என்பதையும் பார்த்தேன்.
"நாலாம் நாளு வந்து நிண்டு
என்னய அப்துல்லாங்கிறாரு, டாக்டரம்மா!"

எனக்கு ஆறு பேரின் பெயரும் தெரியும்.
ஊர் தெரியும், பிள்ளைகளைத் தெரியும்,
கருமலையான் வாசலில் கழற்றிவிட்ட
நீலவார்ச் செருப்பைத் தெரியும்.
பெயர் மறக்கிற அளவுக்குச் செய்தவரிடம்
அவரை அனுப்பினேன்.
சீலாவை வாங்கிக்கொண்டேன்.

போன வெள்ளி, இரவு இரண்டு மணி.
தொண்டியிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள்.
வயிறு கல். நாடி நூல்.
மதுரை நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
கடிதம் எழுதுகிற நேரமில்லை.

கை கழுவிக்கொண்டே
பேரென்ன என்று கேட்டேன்.
கூட வந்த பையன்,
ஐஸ் கம்பெனியில பாத்திருக்கேன்,
பேர் தெரியாது என்றான்.