இதர விஷயங்கள்

முலுண்டு மேற்கில் எங்கள் சொசைட்டியின்
பின்சுவரோடு நகரம் முடிகிறது.
அப்புறம் மலை. அரசாங்கத்தின் காடு.
வடக்கே போகப் போக வசாய்க் கழி, உப்புத் தண்ணீர்.
இது தீவு என்று
பதினெட்டு வருஷம் லோக்கலில் தொங்கியவனுக்கு
மேத்தா விரித்த வரைபடம்தான் சொன்னது.
சிறுத்தைக்கும் போக்கிடம் இல்லை.

கூட்டத்தில் தீர்மானம்:
சுவரை மூன்றடி உயர்த்துவது,
மேலே கண்ணாடிச் சில்லு பதிப்பது.
செயலாளர் கையெழுத்து என்னுடையது.

எட்டாம் நாள், பில்லைச் சரிபார்க்க
ஏணி போட்டு ஏறினேன்.
ஒரு சில்லில் கொஞ்சம் மஞ்சள் ரோமம்.
இரண்டு முழம் தள்ளி
பச்சைத் துப்பட்டாவின் நூல்,
பெனிட்டாவுக்கு நான் தாதரில் வாங்கியது.

ராத்திரி சாப்பிடும்போது
டியூஷன் லேட் என்றாள்.
உள்ளங்கையில் பிளாஸ்திரி.
எதற்கோ சிரித்தாள்,
பல்லெல்லாம் களாப்பழக் கறை.
மே மாதம் முழுக்க
அந்தப் பக்கம் பழுத்துக் கிடக்குமாம்.
காம்ளேயின் பையன் சொல்லியிருக்கிறான்.

குறிப்பேட்டில் கடைசி வரி,
இதர விஷயங்கள்: ஏதுமில்லை
என்று எழுதி மூடினேன்.

விடியுமுன் சுத்தியலோடு ஏறி
நூல் இருந்த இடத்தில்
நாலு சில்லைத் தட்டி எடுத்தேன்.
ரோமம் இருந்த இடத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
ஏணியிலேயே நிற்கிறேன்.
கீழே பால்காரன் மணியடிக்கிறான்.