ஐம்பது ரூபிள்

பர்குஸின் சாலையில் வேனிலிருந்து இறங்கியதும்
ஓட்டுநர் ஒரு திசையைக் காட்டினார்.
பனி. பனிக்கு நடுவே மஞ்சள் கூரை.
மைனஸ் இருபத்தாறு.
மூக்குக்குள் முடி தனித்தனியாக இருப்பது
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மடத்து முற்றத்தில் ஒரு பசு
பிரார்த்தனை உருளையின் மரப்பிடியை நக்கிக்கொண்டிருந்தது,
எத்தனை உள்ளங்கைகளின் உப்போ.
அதன் முறை முடியட்டும் என்று நின்றேன்.

உள்ளே அடுப்பு, வெண்ணெய் விளக்குகள்,
குறுக்கெழுத்துப் புதிரோடு ஹந்தா.
லாமா ஸோரிக்தோ நகரத்துக்குப் போயிருக்கிறார்,
பழைய நிவா கார், கியர்பாக்ஸ் தகராறு,
மாலைக்குள் வந்தாலும் வரலாம் என்று
பாதி கையாலும் பாதி ருஷ்யத்திலும் சொன்னாள்.
என் ருஷ்யம் மூன்று வினைச்சொற்கள்,
அதில் இரண்டு சாப்பாட்டுக்கு.

உப்புப் போட்ட பால் தேநீர் தந்தாள்.
பெயர் சொல், லாமா வாசிப்பார், ஐம்பது ரூபிள்.

புத்தரிடம் எனக்கு வேலை எதுவுமில்லை,
சும்மா பார்க்க வந்தவன்.
ஆனாலும் வாய் சொல்லிவிட்டது:
வழுதி.

வாஜுதி, என்றாள். வர்தி. வலூதி.
ழகரம் உட்கார அவர்கள் எழுத்துவரிசையில் இடமில்லை.
புதிரின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள்.
எந்த வருடம்?
எழுபத்தெட்டு.
விரல் மடக்கி எண்ணினாள். குதிரை.
இரண்டு நோட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்:
இருக்கிறவரா, இறந்தவரா?

பதினோரு வருடம்.
காசுத் தகராறுகூட இல்லை, ஒரே ஒரு வாக்கியம்,
நான் சொன்னது.
அதன்பின் அவன் எண் மாறியது, வீடு மாறியது.
தெரியாது என்பதற்கு அவர்கள் சொல் எனக்குத் தெரியும்,
மூன்றாவது வினைச்சொல் அதுதான்.
வாயில் வரவில்லை.

ஹந்தா என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.
எழுந்து ஒரு கட்டையைப் போட்டுவிட்டு வந்து
பரீட்சை எழுதும் பிள்ளைபோல்
கையால் மறைத்து எழுதினாள்.

நூறு கொடுத்தேன்.
சில்லறை இல்லை, இன்னொரு பெயர் சொல்.
உங்கள் பெயர், என்றேன்.
தினமும் நான்தான் முதல் வரி, இலவசம், என்று சிரித்தாள்.
அப்படியானால் லாமாவின் கார்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

இருட்டிய பின் வந்தார். நகக்கண்களில் கிரீஸ்.
துடைத்தும் போகாத கையோடு
சிவப்பு அட்டை நோட்டைப் பிரித்தார்.
தொண்டையின் அடியிலிருந்து ஒரே சுருதி:
ஹந்தா, பாயிர்மா, துகர், ஜர்கல், வலூதி, நிவா.
யாரும் சிரிக்கவில்லை.
வலூதி யாரென்று
எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

பிறகு நீல அட்டை நோட்டு.
அது தடிமனானது.
ஒரு பக்கம், இன்னொரு பக்கம்,
கடைசியில்
வலூதி.

ஹந்தா ஏதோ ஒரு திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
அவனுக்காக வாங்கியது ஐம்பதுதான்.

நெடுஞ்சாலைவரை லாமாவே கொண்டுவந்து விட்டார்.
இரண்டாவது கியர் விழவே இல்லை.
ஒவ்வொரு மேட்டிலும் அவர் அதை,
கோபமில்லாமல்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.