வெளியேறிய நேரம்

என் பேரேட்டில் ஆறு கட்டங்கள்:
கப்பலின் பெயர், கொடி, நீரில் அமிழும் ஆழம்,
சரக்கு, நுழைந்த நேரம், வெளியேறிய நேரம்.
காரணத்துக்கென்று ஒரு கட்டத்தை
கால்வாய் நிர்வாகம் அச்சடித்ததே இல்லை.

ஜூன் ஐந்து, திங்கள்.
எட்டே முக்காலுக்குத் தேநீரில் சர்க்கரை போட்டேன்,
கலக்கவில்லை.
தாழப் பறந்து வந்தவை நம்முடையவை என்று
கையசைத்தான் வடம் இழுக்கும் அதீயா.
அசைத்த கை இறங்குமுன்
ஃபாயித் விமானத்தளம் எரிந்தது.

கசப்பேரியில் அப்போது பதினான்கு கப்பல்கள்.
ஐந்தாவது கட்டம்வரை நிரப்பியிருந்தேன்.

பீரங்கிகள் கரைக்குக் கரை பேச ஆரம்பித்ததும்
இஸ்மாயிலியாவையே லாரிகளில் ஏற்றினார்கள்.
ஸகாஸீக்கில் ஒரு பள்ளிக்கூடம்.
ஒரு வகுப்பறைக்கு நான்கு குடும்பம்,
சாக்பீஸ் கோடுதான் சுவர்.
அங்கேதான் விடிய விடிய வாதம்: யார் தொடங்கியது?
திரான் நீரிணையை நாம் அடைத்தோமே என்றார் ஒருவர்.
யோர்தான் தண்ணீரை அவர்கள் திருப்பினார்களே என்றார் இன்னொருவர்.
ஐம்பத்தாறு. நாற்பத்தெட்டு.
விட்டால் நூஹ் நபியின் வெள்ளம்வரை போயிருப்பார்கள்.
நஜாத் விளக்கை ஊதி அணைத்தாள்.
"முதல் கல்லைக் கண்டுபிடித்தால்
என் அடுப்பங்கரை திரும்ப வருமா?"

ஏடனிலிருந்து சாலிம் பா-வஸீர் எழுதினான்:
"எண்ணெய் நிரப்ப ஒரு கப்பலும் வருவதில்லை.
எங்கள் கடலில் ஒரு குண்டும் விழவில்லை,
பசி மட்டும் வழி கேட்டு வந்து சேர்ந்துவிட்டது."

மாலையில் வானொலியில் முகம் தெரியாத குரல்கள்:
"பாலம் கடந்துவிட்டோம், அம்மானில் நலம்.
உம்மு நாயிஃப் மட்டும் வரவில்லை.
பார்த்தவர்கள் சொல்லவும்."
அவளை எங்களுக்குத் தெரியாது.
ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு
வகுப்பறை வாயை மூடிக்கொள்ளும்.

பிறகு ஓர் அக்டோபர், பிற்பகல் இரண்டு மணி.
இந்த முறை திடுக்கிட்டவர்கள் அவர்கள்.
பெண்கள் குலவையிட்டார்கள்.
நானும் மேசையைத் தட்டினேன், மறைக்க மாட்டேன்.
என் மகன் ஷவ்க்கி ரப்பர்ப் படகில் இருந்தான்.
பத்தொன்பது ஆண்டு நான் நீளவாக்கில் அளந்த தண்ணீரை
அவன் குறுக்காக அளந்தான்.

எட்டாம் ஆண்டு கால்வாய் திறந்தது.
மணல் படிந்து மஞ்சளான கப்பல்களில்
இரண்டொன்று சொந்த எஞ்சினில் இருமிக்கொண்டு கிளம்பின,
மற்றவற்றைக் கட்டி இழுத்துப் போனார்கள்.
எலி கடித்த பேரேட்டை உதறி எடுத்து
பதின்மூன்றுக்கு நேரம் எழுதினேன், நிமிடம் பிசகாமல்.
பதினான்காவது ஏரியிலேயே மூழ்கியிருந்தது.
அப்படியானால் ஒரு கோடு போட வேண்டும். விதி.
போட்டேன்.

அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.
ஷவ்க்கி என்று எழுதினேன்.
கொடி எழுதினேன்.
ஆழம் தெரியாது.
சரக்கு: துப்பாக்கி, தண்ணீர்க் குப்பி,
அம்மா கட்டிக் கொடுத்த பேரீச்சம்பழம்.
நுழைந்த நேரம் இரண்டு இருபது,
கூடப் போன பையன் சொன்னது.

ஆறாவது கட்டத்தில் பேனா நின்றது.
விதிப்படி கோடு.
போடவில்லை.