முன்னூறை வகுத்தல்

வரைபடத் தாளில் பெரிய கட்டம் ஒன்று
வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு.
இரண்டு முகடுகளுக்கு நடுவே கட்டங்களை எண்ணி
முன்னூறை அதால் வகுத்தால்
ஒரு மனிதனின் நிமிடம் வந்துவிடும்.
பதினொரு வருடமாக
சயான் ஆஸ்பத்திரியின் ஜன்னலில்லாத அறையில்
வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு உறிஞ்சு குமிழ், நான்கு கிளிப், குளிர்ந்த ஜெல்.
சட்டையைக் கழற்றுங்க, அஞ்சு நிமிஷம் சும்மா படுங்க.
இந்தியிலும் மராத்தியிலும்
சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்
சீட்டில் அவர் பெயரைப் படித்ததும்
தமிழில் வந்தது.

இசக்கிமுத்து, ஐம்பத்திரண்டு, தாராவி.
விடிகாலையில் சைக்கிளில் இட்லி.
மேம்பாலம் ஏறும்போது தாடைக்குள் வலி என்று
பல் டாக்டரிடம் போய்
நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப்
பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“சும்மாவா?
சும்மா இருக்கதுக்கு எவன் தாயி துட்டு தாரான்?”

படுத்தார்.
கால் கட்டைவிரல் பெடல் மிதித்தது.
வலது கை, இல்லாத ஹாரனை அழுத்தியது.
உதடுகள் கணக்குப் போட்டன,
உளுந்து, கேஸ், வாடகை, சின்னவள் பீஸ்.
முகட்டுக்கு முகடு மூன்றே கட்டம்.
நூறு.

இன்னும் அஞ்சு நிமிஷம் என்றேன்.
வெளியே வரிசை முணுமுணுத்தது.
திரும்பிப் பார்த்தால் தூங்கியிருந்தார்,
வாய் லேசாகத் திறந்து
பிடுங்கிய பல்லின் குழி தெரிய.
மறுபடி ஓடவிட்டேன்.
மூன்றைத் தாண்டிச் சற்றே.
தொண்ணூற்று நாலு.
ஆள் தூங்குகிறார்.
உள்ளே ஒருவர் இன்னும்
மேம்பாலம் ஏறிக்கொண்டிருக்கிறார்.

அந்த எண் நோயல்ல.
டாக்டர் மாத்ரேகூட அதில் கண்ணை நிறுத்தவில்லை,
கோடு தாழ்ந்து கிடந்த இடத்தைத்தான்
பேனாவால் வட்டமிட்டார்.
எனக்குத்தான் உறுத்தியது.
துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில்தான்
இதயம் தன் பங்கு ரத்தத்தைக் குடிக்கிறது.
பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு
அடுப்படியில் நின்றபடி
அள்ளிப் போட்டுக்கொள்ளும் வாய்ச் சோறு.
ஓட்டம் கூடக் கூட
முதலில் குறைவது அந்த வாய்தான்.
குழாயும் ஒடுங்கியிருந்தால்
கேட்க வேண்டாம்.

ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு.
ஒன்று எண்பது சதம்.
ஸ்டென்ட் வைத்தார்கள்.
துடிப்பைக் கடிவாளம் பிடிக்க
காலையும் இரவும் ஒரு பொடி மாத்திரை.

ஆறு வாரம் கழித்து வந்தார்.
எண்ணினேன். ஐந்து கட்டம்.
அறுபது.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ராத்திரி முழிப்பு வருது தாயி.
லோக்கல் ஓடுத வரைக்கும் எல்லாப் பயலும் தூங்குவான்.
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவுல நின்னுட்டுன்னா
அம்புட்டுப் பேரும் முழிச்சிக்கிடுவான்லா?
அப்படித்தான் இருக்கு.”

பதில் தெரியவில்லை.
தாளைக் கிழித்துத் தேதி எழுதிப் பின் குத்தினேன்.
நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லைத்
தன் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இரவு எட்டேகால் டோம்பிவிலி வண்டி, பெண்கள் பெட்டி.
குர்லாவுக்கு முன்னால் நின்றது.
மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
கையை நிறுத்தினாள்.
ஜன்னலோரம் தூங்கியவள் விழித்து
க்யா ஹுவா என்றாள், யாரிடமும் இல்லாமல்.
மின்விசிறி அடங்கிய நிசப்தத்தில்
என் இரண்டு விரல்கள்
மணிக்கட்டைத் தேடிப் போயின.
பதினொரு வருடத்தில்
என் தாளை நான் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ஏழு, எட்டு, ஒன்பது

வண்டி குலுங்கிற்று.
எண்ணிக்கை தவறிப்போனது.
எதிரே பட்டாணிகள்
மறுபடி விழத் தொடங்கின.