தாழ்ப்பாளின் உயரம்

வால்டாக்ஸ் சாலை இரவுக் காப்பகத்துக்கு
வரைபடம் போட்டவன் நான்.
தேநீர் ஆறுவதற்குள்
கூட்டம் முடிந்துவிடும் என்றிருந்தேன்.

எட்டியம்மாள் தாளைத் தலைகீழாகத் திருப்பினாள்.
"ராத்திரி ரெண்டு மணிக்குப் பூக்கடைல லோடு.
ஒம்போதுக்கு கேட்டைப் பூட்டினா
நான் எப்படிப் போறது?"
காஜா தன் மீன்பாடி வண்டிக்கு இடம் கேட்டான்.
வண்டி வெளியே என்றால்
தானும் வெளியேதானாம்.

குளியலறையைக் காட்டினேன்,
கதவு வரைந்திருந்த தைரியத்தில்.
"தாப்பா எங்க?"
வெளிப்பக்கம் இருந்தது,
காவலாளியின் வசதிக்காக.

எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.
"இங்க. உள்ளார.
எம் பொண்ணு கைக்கும் எட்டணும்."
டேப்பை இழுத்து அளந்தேன்:
மூன்றடி இரண்டங்குலம்.

திறப்பு விழா முடிந்தது.
தாழ்ப்பாள் அங்கேயேதான் இருக்கிறது.
வண்டிக்கு ஓர் இரும்பு வளையம் கிடைத்தது.
கேட் நேரம் மட்டும் பரிசீலனையில்.

எட்டியம்மாள் இன்னும் நடைபாதையில்தான்.
சாயங்காலம் மகளோடு வந்து
குளித்துவிட்டுப் போகிறாள்.
ஆய்வுக்குப் போன அன்று கேட்டேன்,
உள்ளேயிருந்து தாழ் விழும் சத்தம்.

ஈரத் தலையோடு வெளியே வந்தவள்
அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாள்:
ராத்திரி ரெண்டு மணி,
பூட்டிய கேட்டுக்கு
உள்பக்கம்.