வகிடு

இல்லத்தில் சேர்க்கும்போது பதினொரு பக்கம் நிரப்பினேன்.
எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது,
பல் சொந்தமா, கட்டியதா,
இறந்தால் யாருக்குச் சொல்வது.
எங்கள் கறுப்புச் சுருளுக்கு
ஒரு கட்டம்கூட இல்லை.

மூன்றாம் வாரம் போனபோது
அக்கா எர்னஸ்டீனின் தலை
ஒஹையோவில் அறுத்துப்போட்ட சோளக்காடு.
"சீப்பு இறங்கவில்லை. வெட்டிவிட்டோம்" என்றாள் அந்தப் பெண்.
கெட்டவள் அல்ல,
சொல்லித்தர அவளுக்கு யாரும் இருந்ததில்லை.
எனக்கும்தான்.

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.
அவளுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபது.
கண்ணாடி ஆலையில் முப்பத்தோரு வருடம்
உலைவாயில் கிடந்த கை இது.
ஒரு தலையை எப்படித் தொடுவதென்று
இதற்குத் தெரியாது.

புதன் மாலை, சர்ச்சின் அடித்தளம்.
மடக்கு நாற்காலிகளில் எங்களைப் போல் பன்னிரண்டு பேர்.
"மனம் திறந்து பேசுங்கள்" என்று இங்கே யாரும் தொடங்குவதில்லை.
சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குகிறார்கள்,
கொலார்ட் கீரையும் சோள ரொட்டியும் தட்டில் விழுந்தபின்.
ஒருவர் சொன்னார்:
டாக்டர் என் அப்பாவைப் பார்த்துப் பேசவேயில்லை,
அவருக்குப் பின்னாலிருந்த சுவரிடம் பேசினார்.
இன்னொருத்தி:
நடுராத்திரி என் கணவர் அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கப் பார்க்கிறார்.
போலீஸ் விளக்கு சுழன்றால்
கையை உயர்த்த வேண்டும் என்று
அவருக்கு ஞாபகம் இருக்குமா?

யாரும் பதில் சொல்லவில்லை.
மறுநாள் நாலு பேர் அவள் தெருவில் இறங்கி
வீடு வீடாகக் கதவு தட்டி
அவருடைய பெயரைச் சொல்லிவிட்டு வந்தோம்.

லவோனியா என் கையில் ஒரு மாப்பைத் திணித்தாள்.
"முதலில் வகிடு. பிறகு எண்ணெய்.
மூன்று பிரி. இழுத்தால் அடிப்பேன்."
அக்காவின் முடி விரல் நீளம் வரும்வரை
மாப்புக்குத்தான் பின்னினேன்.
டொலீடோ நகரத்திலேயே
அலங்காரமான மாப்பு என்னுடையதுதான்.

எர்னஸ்டீன் தபால் பிரித்தவள்.
இப்போதும் மேசையில் காகிதம் கண்டால்
விரல் தானாகப் பிரிக்கிறது.
டோர் தெருவுக்குத் தனி அடுக்கு:
தையல்காரருக்கு, மருந்துக்கடைக்கு,
எதிரெதிரே இரண்டு முடிதிருத்தகங்களுக்கு.
எல்லாம் இடித்து ஐம்பது வருடமாகிறது.
ஊர் மறந்துவிட்டது.
மறதி என்று
அவள் சீட்டில் மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று அவளைக் குட்டை முக்காலியில் உட்காரவைத்து
என் முழங்கால்களுக்கிடையே தலையை நிறுத்தி
வகிடெடுத்தேன்.
ஏழு மாதமாக முழுசாக ஒரு வாக்கியம் பேசாதவள்
கையைத் தட்டிவிட்டாள்.
"கோணல். யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"
"லவோனியா."
"அவளுக்கும் தெரியாது."

இன்று புதன்.
கோணலை மாற்றவில்லை.
அக்காவுக்குக் கோட்டு மாட்டி
காரில் ஏற்றிவிட்டேன்,
நேரிலேயே சொல்லட்டும்.